நடுவில் உட்கார்ந்த பெட்டி

நல்ல சங்கீதம் கேட்பதற்காக வீட்டில் ஒரு ஆடியோ செட் வாங்கக் கிளம்புகிறீர்கள். கடைக்காரர் பட்டியல் நீட்டுகிறார். சி.டி. பிளேயர், சரி. ஸ்பீக்கர், சரி. ஸ்பீக்கரை இயக்க ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர், அதுவும் சரி. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பெட்டி. பெயர், ப்ரீஆம்ப்ளிஃபையர். விலையைப் பார்த்தால் பவர் ஆம்ப் விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இது என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள். 'சவுண்டை ஏத்தலாம், இறக்கலாம். எந்த மெஷினிலிருந்து பாட்டு வரணும்னு மாத்திக்கலாம்.'

அவ்வளவுதானா? அவ்வளவுதான். அதற்கா இத்தனை பணம்?

இந்த இடத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். 'சார், அதெல்லாம் வேண்டாம். ஒரு டப்பா, அதுக்குள்ள ஒரு வால்யூம் கன்ட்ரோல், ஒரு ஸ்விட்ச். கரன்ட்டே தேவையில்லை. பாசிவ்னு பேரு. அதைவிட சுத்தமான சவுண்டு உலகத்துலயே கிடையாது.'

உடனே மூன்றாமவர் பாய்வார். 'பாசிவா? பாட்டுல உயிரே இருக்காது சார்!'

இந்தச் சண்டைக்கு நாற்பது வயது ஆகிறது. இன்னும் தீரவில்லை. யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டுமானால், அந்த நடுப்பெட்டி முதலில் அங்கே எதற்காக வந்து உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை. அதில் விஞ்ஞானம் பாதி. மீதிப் பாதி சுத்தமான வியாபாரம்.

*

1877ல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தபோது அதில் மின்சாரம் சம்பந்தப்பட்ட சமாசாரம் எதுவும் கிடையாது. பாடகர் ஒரு குழலுக்குள் வாயை வைத்துக் கத்தவேண்டும். அந்த அதிர்வு ஊசியை அசைக்கும். ஊசி கோடு கிழிக்கும். திரும்பக் கேட்கும்போது அதே கோட்டில் ஊசி ஓடும், குழல் வழியாகச் சத்தம் வரும். வால்யூம் குறைக்க வேண்டுமா? குழலுக்குள் துணியைத் திணி. கூட்ட வேண்டுமா? மன்னிக்கவும், வழியில்லை.

சின்னதைப் பெரிதாக்கும் வித்தை 1906ல் வந்தது. அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், 'ஆடியான்' என்று ஒரு வால்வைச் செய்தார். கண்ணாடிக் குமிழுக்குள் மூன்று உலோகத் துண்டுகள். நடுவில் இருக்கும் சல்லடை போன்ற கிரிட்டில் துளியூண்டு மின்னழுத்தத்தை மாற்றினால், மறுபுறம் பெரிய அளவில் மின்னோட்டம் மாறும். வேடிக்கை என்னவென்றால், தான் செய்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்பது டி ஃபாரஸ்டுக்கே சரியாகப் புரியவில்லை. அதைப் பிற்பாடு விளக்கமாகப் புரியவைத்தவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். இருவரும் கோர்ட்டில் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டது தனிக்கதை.

டி ஃபாரஸ்டுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஏ.டி. அண்ட் டி. கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. டெலிபோன் கம்பிகள் நீள நீளக் குரல் தேய்ந்துகொண்டே போனது அவர்களுக்குப் பெரிய பேஜார். வழியில் இந்த வால்வை வைத்தால்? 1913ல் 50,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கினார்கள். 1915 ஜனவரியில் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி அலெக்சாண்டர் கிரகாம் பெல், சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த தன் பழைய உதவியாளர் வாட்சனுடன் பேசினார். அமெரிக்காவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குரல் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கெயின்'. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற கணக்கு. ஒன்று உள்ளே போய்ப் பத்து வெளியே வந்தால், கெயின் பத்து. காமர்ஸ் பாஷையில் சொன்னால், இதுதான் மூலதனம். அந்தக் காலத்தில் படுபயங்கரமான தட்டுப்பாட்டில் இருந்த மூலதனம். ஒவ்வொரு வால்வும் காசு. ஒவ்வொரு மடங்கும் காசு.

மூலதனம் தட்டுப்பாடாக இருந்தால் எவனாவது அதைத் தூக்கி எறிவானா? ஒருவர் எறிந்தார்.

*

அவர் பெயர் ஹெரால்ட் பிளாக். பெல் ஆய்வுக்கூடத்தில் இளம் இன்ஜினியர். அவருடைய பிரச்னை இதுதான்: டெலிபோன் வழியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் போதாது. வரிசையாகப் பல ஆம்ப்ளிஃபையர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குரலைப் பெரிதாக்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் அழுக்கையும் சேர்க்கும். அடுத்த ஆம்ப்ளிஃபையர் அந்த அழுக்கையும் சேர்த்துப் பெரிதாக்கும். பத்து கை மாறிய வதந்தி மாதிரி, கடைசியில் வந்து சேர்வது ஒரிஜினல் சமாசாரமாக இருக்காது.

வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். 1927 ஆகஸ்ட் 2. காலையில் வேலைக்குப் போகிற வழியில், ஹட்சன் நதியில் லாக்கவானா படகில் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று விடை வந்தது. கையில் பேப்பர் இல்லை. அன்றைய நியூயார்க் டைம்ஸ்தான் இருந்தது. அதிலேயே படம் வரைந்து, கணக்கெழுதினார். ஆபீஸ் போனதும் சக ஊழியர் ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார். கில்லாடி.

என்ன ஐடியா? வெளியே வருவதில் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி உள்ளேயே அனுப்பு. ஒரிஜினலையும் இதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் மட்டும் நிற்கும். அந்த வித்தியாசம்தான் அழுக்கு. அழுக்கு தன்னைத்தானே அடித்துக்கொண்டு ஓய்ந்துபோகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கக்கூடிய ஆம்ப்ளிஃபையர், இப்படிச் செய்தால் நூறு மடங்குதான் பெரிதாக்கும். மிச்சம் போச்சு. ஆனால் அழுக்கும் நூறில் ஒரு பங்காகிவிடும். கெயினைக் கொடுத்துச் சுத்தத்தை வாங்குவது. நெகடிவ் ஃபீட்பேக் என்று இதற்குப் பெயர்.

தட்டுப்பாட்டில் இருக்கும் சரக்கை வேண்டுமென்றே கொட்டுவதா? பேடன்ட் ஆபீஸால் ஜீரணிக்க முடியவில்லை. 1928ல் போட்ட விண்ணப்பம், 1937 டிசம்பரில்தான் பேடன்ட் ஆனது. ஒன்பது வருஷம்! பிரிட்டிஷ் பேடன்ட் ஆபீஸோ, 'தானாகவே ஓயாமல் ஓடும் யந்திரம் கண்டுபிடித்துவிட்டேன்' என்று வருகிறவர்களை நடத்துவதுபோல அவரை நடத்தியது.

இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கும் எந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்தாலும் பெரும்பாலும் உள்ளே பிளாக் இருப்பார்.

*

இந்த யோசனை டெலிபோனிலிருந்து வீட்டுச் சங்கீதத்துக்கு வர இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. 1945ல் இங்கிலாந்தில் ஹெரால்ட் லீக், 'பாயின்ட் ஒன்' என்று ஒரு ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தார். கலப்படம் 0.1 சதவிகிதம்தான் என்பதே பெயர்க் காரணம். 1947ல் டி.டி.என். வில்லியம்சன் என்பவர் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு வரைபடம் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உலகம் பூராவும் சாலிடரிங் இரும்பு வைத்திருந்தவர்களெல்லாம் செய்தார்கள்.

சுத்தமாகப் பெரிதாக்குவது எப்படி என்று தெரிந்துவிட்டது. பவர் ஆம்ப் ரெடி. இனி நடுப்பெட்டி எதற்கு?

அதை வரவழைத்தது ஒரு ரெக்கார்டு. 1948 ஜூன் மாதம் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி எல்.பி. ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பாட்டு. அதற்கு முன்னால் இருந்த 78 சுற்று ரெக்கார்டுகளில் ஒரு பக்கம் நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எல்.பி.யின் கோடுகளோ முடியைவிட மெல்லியவை. பழைய கனத்த ஊசியை வைத்தால் உழுது தள்ளிவிடும். லேசான, நாசூக்கான ஊசி வேண்டும்.

தரமாகக் கேட்க விரும்பியவர்கள் காந்த கார்ட்ரிட்ஜுக்கு மாறினார்கள். அங்கேதான் சிக்கல். பழைய கிரிஸ்டல் பிக்கப் ஒரு வோல்ட் அளவுக்குக்கூடக் கொடுக்கும். நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகலாம். காந்த கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 5 மில்லிவோல்ட் மாதிரி. ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு! மூவிங் காயில் ரகமாக இருந்தால் இன்னும் மோசம், அரை மில்லிவோல்ட்கூடத் தேறாது.

பவர் ஆம்ப் கேட்பது ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட். கையில் இருப்பது 5 மில்லிவோல்ட். இடைவெளியை யார் நிரப்புவது? ப்ரீஆம்ப்.

அது மட்டுமில்லை. எல்.பி.யில் பாட்டை அப்படியே பதிய முடியாது. கீழ்ஸ்தாயி ஒலிகளை முழு பலத்தோடு வெட்டினால் கோடு அகலமாக அலையும், பக்கத்துக் கோட்டில் இடித்துவிடும். உச்சஸ்தாயியோ ரெக்கார்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் பதியும்போது கீழே இருப்பதைக் குறைத்து, மேலே இருப்பதைக் கூட்டிப் பதிவார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாக்கி நேர்செய்ய வேண்டும். கீழ்க்கோடியில் கிட்டத்தட்ட பத்து மடங்கு கூட்ட வேண்டும். மேல்கோடியில் அதே அளவு குறைக்க வேண்டும்.

சரி, எவ்வளவு குறைத்தார்கள், எவ்வளவு கூட்டினார்கள்? இங்கேதான் கூத்து. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு! கொலம்பியா ஒரு மாதிரி, டெக்கா ஒரு மாதிரி, ஆர்.சி.ஏ. இன்னொரு மாதிரி. ரெக்கார்டை மாற்றினால் நேர்செய்யும் கணக்கையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயலின் கீச்சிடும், அல்லது கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும்.

இந்தக் குழப்பத்தில் ஒருவர் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்.

*

சால் மாரன்ட்ஸ் இன்ஜினியர் இல்லை. கிராஃபிக் டிசைனர். நியூயார்க்கில் க்யூ கார்டன்ஸ் பகுதியில் வீடு. தன்னுடைய 1940ஆம் வருஷத்து மெர்க்குரி காரின் ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து ஓடவைக்க முடியுமா என்று பார்த்த ஆசாமி. அந்தப் பைத்தியம் வளர்ந்து, எல்.பி. வந்தபோது முற்றிவிட்டது. சந்தையில் கிடைத்த கருவிகள் எதுவும் திருப்தி தரவில்லை. தானே ஒன்று செய்தார். 1952ல் வீட்டிலேயே வைத்து உருவாக்கிய அந்த ப்ரீஆம்புக்கு 'ஆடியோ கன்சோலெட்' என்று பெயர். எந்தக் கம்பெனி ரெக்கார்டாக இருந்தாலும் அதற்கேற்ற கணக்கைத் திருகு திருப்பித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நூறு பெட்டிகள் செய்து பார்க்கலாம் என்று இறங்கினார். வருஷம் முடிவதற்குள் நானூறு ஆர்டர்! 1953ல் மாரன்ட்ஸ் கம்பெனி பிறந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர் கடைகளில் இருக்கிறது. ஒரு ப்ரீஆம்பில் தொடங்கிய பெயர்.

1954ல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகள் ஒருவழியாக ஒரே கணக்குக்கு ஒத்துக்கொண்டன. ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு. இன்றுவரை அதுதான். கம்பெனிக்கு ஒரு திருகு என்ற தொல்லை மெல்ல ஒழிந்தது. ஆனாலும் ப்ரீஆம்புக்கு வேலை குறையவில்லை. 1952ல் பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர், பாஸ், ட்ரெபிள் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்டை அதே 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். உலகமே அதைக் காப்பியடித்தது. 1958ல் ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்தது. உடனே பேலன்ஸ் திருகு வந்தது. அதே வருஷம் மாரன்ட்ஸ், 'மாடல் 7' என்ற ஸ்டீரியோ ப்ரீஆம்பைக் கொண்டுவந்தார். ஆறு வால்வுகள். பழைய ஆடியோ பைத்தியங்கள் இன்றும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெட்டி அது.

ஏன் இதைத் தனிப் பெட்டியாக வைக்க வேண்டும், பவர் ஆம்புக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பவர் ஆம்புக்குள் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது சும்மா இருக்காது, 'ம்ம்ம்' என்று முனகும். சில மில்லிவோல்ட் சிக்னலை அதன் பக்கத்தில் வைத்தால் பாட்டோடு முனகலும் இருநூறு மடங்கு பெரிதாகும். தவிர, வால்வு பவர் ஆம்ப் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதை அலமாரிக்குள் ஒளித்துவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் அழகான சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி இதற்கு 'கன்ட்ரோல் யூனிட்' என்றே பெயர் வைத்தது. பொருத்தமான பெயர்.

ஆக, நடுப்பெட்டி சும்மா வந்து உட்காரவில்லை. நாலு வேலை செய்தது. சின்ன சிக்னலைப் பெரிதாக்கியது. ரெக்கார்டின் கணக்கை நேர்செய்தது. ருசிக்கேற்ப பாஸ், ட்ரெபிள் கூட்டியது. சத்தத்தை ஏற்றி இறக்கியது. சம்பளத்துக்குத் தகுந்த உழைப்பு.

*

1982 அக்டோபர் 1. ஜப்பானில் சோனி கம்பெனி சி.டி.பி.101 என்ற பிளேயரை விற்பனைக்கு வைத்தது. விலை 1,68,000 யென். உலகில் கடைக்கு வந்த முதல் சி.டி. பிளேயர்.

எல்லோரும் பளபளக்கும் தட்டைப் பார்த்தார்கள். கொஞ்சம் பேர்தான் பின்பக்கம் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார்கள். சி.டி. பிளேயரின் உச்சபட்ச சிக்னல்: 2 வோல்ட்.

மில்லிவோல்ட் இல்லை. வோல்ட்! கணக்கைப் போடுங்கள். பவர் ஆம்ப் கேட்பது ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட். சில ஆம்ப்ளிஃபையர்களுக்கு அதுவும் வேண்டாம். 1975ல் வந்த குவாட் 405 என்ற பவர் ஆம்ப், அரை வோல்ட்டிலேயே தன் 100 வாட் முழுப் பலத்தையும் காட்டிவிடும். தேவை அரை வோல்ட், கையில் இருப்பது இரண்டு வோல்ட். நாலு மடங்கு உபரி.

தட்டுப்பாடு ஒரே நாளில் வெள்ளமாகிவிட்டது. சி.டி.க்கு ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கும் தேவையில்லை. பாஸ், ட்ரெபிள் திருகுகளையும் சுத்தம் பார்க்கிறவர்கள் எண்பதுகளில் ஒதுக்கிவிட்டார்கள். நாலு வேலையில் மூன்று காலி. மிச்சம் ஒன்றே ஒன்று. சத்தத்தைக் குறைப்பது.

இப்போது அபத்தத்தைப் பாருங்கள். 2 வோல்ட் சிக்னல் ப்ரீஆம்புக்குள் போகிறது. வால்யூம் திருகு அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அடுத்து உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை ஐந்து மடங்கோ எட்டு மடங்கோ பெருக்குகிறது. இடது கையால் பிடுங்கி வலது கையால் கொடுப்பது. போகிற வழியில் இரைச்சல், கலப்படம் என்று தன் கமிஷனையும் கொஞ்சம் எடுத்துக்கொள்வது. வால்யூம் திருகு கால் வட்டம் தாண்டுவதற்குள் வீடு அதிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காரணம் இந்த உபரிதான்.

இடைத்தரகர் எதற்கு என்று சிலருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. கலிஃபோர்னியாவில் 'மாட் ஸ்குவாட்' என்ற சின்னக் கம்பெனி எண்பதுகளில் 'லைன் டிரைவ்' என்று ஒரு பெட்டி விற்றது. உள்ளே வால்வு இல்லை, ட்ரான்சிஸ்டர் இல்லை. சுவரில் செருக ஒயரும் இல்லை. ஒரு ஸ்விட்ச், வால்யூம் கன்ட்ரோல், நல்ல கம்பிகள். அவ்வளவே. பாசிவ் ப்ரீஆம்ப் ஒரு கட்சியாகவே வளர்ந்தது. 'இல்லாத பாகம் தப்பு செய்யாது' என்பது அந்தக் கட்சியின் கொள்கை.

மறுக்க முடியாத லாஜிக். ஆனால் வால்யூம் திருகு அத்தனை சாது இல்லை. அங்கேதான் கதை திரும்புகிறது.

*

வால்யூம் கன்ட்ரோல் என்பது ஒரு மின்தடை. மேலே சிக்னல், கீழே எர்த், நடுவில் நகரும் ஒரு தொடுமுனை. பத்தாயிரம் ஓம் திருகு என்று வைத்துக்கொள்வோம். பாதி சத்தத்தில் வைத்தால், மேலே ஐயாயிரம், கீழே ஐயாயிரம். அந்த இடத்திலிருந்து வெளியே போகிற சிக்னலுக்குப் பின்னால் 2,500 ஓம் தடை நிற்கிறது. இதுதான் உச்சம். திருகை வேறு எங்கே நகர்த்தினாலும் இதைவிடக் குறைவு. ஒரு சராசரி ஆக்டிவ் ப்ரீஆம்பில் இந்தத் தடை சில நூறு ஓம்தான் இருக்கும். பலவற்றில் நூறுகூட இருக்காது.

அதனால் என்ன? குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் குழாய் மெலிசு. கீழே ஒரு டம்ளர் பிடிக்க வேண்டுமானால் பிரச்னை இல்லை. ஒரு அண்டாவை நொடியில் நிரப்பு என்றால்?

பெட்டியிலிருந்து பவர் ஆம்புக்குப் போகும் கேபிள்தான் இங்கே பாத்திரம். எந்தக் கேபிளும் கொஞ்சம் மின்சாரத்தைத் தனக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் அதை நிரப்ப வேண்டும். இறங்கும்போது காலி செய்ய வேண்டும். மிருதங்கத்தின் 'தொம்'முக்கு நொடிக்கு நூறு தடவை. ஜால்ராவின் 'சிங்'குக்கு நொடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல். குழாய் மெலிசாகவும் பாத்திரம் பெரிதாகவும் இருந்தால் முதலில் அடிபடுவது ஜால்ரா.

எண்ணாகவே பார்த்துவிடலாம். ஐந்து மீட்டர் கேபிள், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வீதம் 500. பத்தாயிரம் ஓம் திருகாக இருந்தால், பாதி சத்தத்தில் 1,27,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் தேய ஆரம்பிக்கும். மனிதக் காது 20,000 தாண்டாது. கவலையே இல்லை. அதே இடத்தில் ஒரு லட்சம் ஓம் திருகு போட்டால்? தடை 25,000. தேய்மானம் 12,700 ஹெர்ட்ஸுக்கே வந்துவிடும். காதுக்கு எட்டுகிற இடம். பாட்டின் மேல் மெல்லிய போர்வை விழுந்த மாதிரி இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது போர்வையின் கனமும் மாறும்!

அடுத்த பக்கம் பவர் ஆம்ப். அது எவ்வளவு இழுக்கும் என்பதற்கும் ஒரு எண் உண்டு. உள்ளீட்டு இம்பீடன்ஸ். வால்வு பவர் ஆம்புகளில் பொதுவாக ஒரு லட்சம் ஓம் போல இருக்கும், கையைப் பிடித்து இழுக்காது. சில ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்புகளில் பத்தாயிரம்தான். 2,500 ஓமுக்குப் பின்னாலிருந்து அதை இயக்கினால், சிக்னலில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காலி. சி.டி. பிளேயரே வால்வு ரகமாக இருந்து, அதன் வெளியீட்டிலும் சில ஆயிரம் ஓம் தடை இருந்தால், பாசிவ் பெட்டியை அதுவே சுமக்க வேண்டும். பாஸ் தளர்ந்துபோக வாய்ப்புண்டு. 'உயிரே இருக்காது சார்' என்றாரே மூன்றாமவர், அவர் இப்படிப்பட்ட ஒரு கூட்டணியைத்தான் கேட்டிருப்பார்.

ஆக, நடுப்பெட்டிக்கு ஐந்தாவதாக ஒரு வேலை இருந்தது. யாரும் அதற்குத் தனியாகச் சம்பளம் பேசவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஜாமீன் போடுவது. இந்தப் பக்கம் எவ்வளவு நோஞ்சான் சிக்னல் வந்தாலும், அந்தப் பக்கம் எவ்வளவு நீளக் கேபிள், எவ்வளவு பசியுள்ள பவர் ஆம்ப் இருந்தாலும், நடுவில் நின்று 'நான் பொறுப்பு' என்பது. தரகரை நீக்கிய பிறகுதான் ஜாமீன்தாரரும் அவரே என்று பலருக்குப் புரிந்தது. வியாபாரத்தில் இது புதிதா என்ன?

*

பிளாக் கெயினைக் கொடுத்துச் சுத்தத்தை வாங்கினார் அல்லவா? அந்த யோசனையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் என்ன ஆகும்? மொத்தக் கெயினையும் விட்டுக்கொடு. ஒன்று போனால் ஒன்றுதான் வரும். பெரிதாக்கவே வேண்டாம். பதிலுக்குத் தெம்பை மட்டும் வாங்கிக்கொள்.

இதற்கு பஃபர் என்று பெயர். கலிஃபோர்னியாவின் நெல்சன் பாஸ், ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பில் பெரிய தலை. 2008ல் அவர் 'பி1' என்று ஒரு பஃபர் சர்க்யூட்டை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். ஒரு சேனலுக்கு இரண்டே ட்ரான்சிஸ்டர். கெயின்: ஒன்று. வால்யூம் திருகுக்குப் பின்னால் இதை வைத்தால், திருகின் தடை கேபிளையும் பவர் ஆம்பையும் பாதிக்காது. இன்றைக்குக் கெயின் தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது, நமக்கு வேண்டியது அதுவல்ல என்பதே அவருடைய வாதம். வாழ்நாளெல்லாம் ஆம்ப்ளிஃபையர் விற்ற மனிதர் சொன்னது என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு.

தரகர் வேண்டாம், ஜாமீன்தாரர் மட்டும் போதும் என்கிற சமரசம். ஆக்டிவ் - பாசிவ் சண்டையில் நடுவில் நிற்கிற மூன்றாவது வழி.

*

சரி, நீங்கள் என்ன செய்வது? கடைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் உங்களிடம் எல்.பி. பிளேயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட எல்.பி., 2022ல் அமெரிக்காவில் எண்ணிக்கையிலேயே சி.டி.யை முந்திவிட்டது. 4 கோடியே 10 லட்சம் எல்.பி.க்கள், 3 கோடியே 30 லட்சம் சி.டி.க்கள். உங்கள் வீட்டில் எல்.பி. உண்டென்றால், அந்த 5 மில்லிவோல்ட்டைப் பெருக்கி, கணக்கை நேர்செய்ய ஒரு ஃபோனோ ஸ்டேஜ் கட்டாயம் வேண்டும். அது ஆக்டிவ் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம், தனியாகவும் வாங்கலாம். பாசிவ் டப்பா மட்டும் இருந்தால் ஊசியின் முணுமுணுப்புதான் கேட்கும்.

எல்.பி. இல்லை, சி.டி.யோ கம்ப்யூட்டரிலிருந்து வரும் டாக் கருவியோதான் என்றால், நாலு எண்களைத் தேடுங்கள். கையேட்டில் இருக்கும். கருவி கொடுப்பது 2 வோல்ட்டா? அதன் வெளியீட்டுத் தடை சில நூறு ஓமுக்குள் இருக்கிறதா? பவர் ஆம்ப் ஒன்று, ஒன்றரை வோல்ட்டில் முழு பலம் தருகிறதா? அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் 47,000 ஓம் அல்லது அதற்கு மேலா? நாலுக்கும் ஆமாம் என்றால், பத்தாயிரம் ஓம் திருகு போட்ட பாசிவ் பெட்டி, ஒரு மீட்டர் கேபிள், பிரமாதமாக ஓடும். மிச்சமான பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். காதுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால், பவர் ஆம்பைத் தூரத்தில் வைத்து நீளக் கேபிள் இழுக்கப் போகிறீர்கள் என்றால், பஃபரோ ஆக்டிவ் ப்ரீஆம்போ வாங்குங்கள். வாங்கும்போது கெயின் குறைவான ரகமாகப் பாருங்கள். 'எங்கள் பெட்டி இருபது மடங்கு பெருக்கும்' என்று யாராவது பெருமையடித்தால், அந்த இருபதை வைத்து நான் என்ன செய்ய என்று கேளுங்கள். இன்னொரு விஷயம். டாக் கருவிகள் பலவற்றில் வால்யூம் கன்ட்ரோல் உள்ளேயே இருக்கிறது. பழைய 16 பிட் கருவிகளில் டிஜிட்டலாகச் சத்தம் குறைத்தால் பாட்டின் நுணுக்கமும் சேர்ந்து குறையும். 24, 32 பிட்டில் கணக்குப் போடும் இன்றைய கருவிகளில் அந்தக் கவலை ரொம்பக் குறைவு. அப்படியொன்று உங்களிடம் இருந்தால் எந்தப் பெட்டியும் வாங்காமல் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டில் எது துளி சத்தம் அதிகமோ, அதுதான் நன்றாக இருப்பதாக நம் காது சத்தியம் செய்யும். கெயின் உள்ள பெட்டி சத்தமாக ஒலிப்பது சுலபம். அதனால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எந்த இடைத்தரகராக இருந்தாலும் இதே விதிதான். அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்வதற்கு முன்னால், அவர் சொல்லிக்காட்டாமல் செய்துகொண்டிருக்கும் வேலை என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகக் கணக்கை முடித்து அனுப்பலாம்.